இலவசமாக ஆர்.வி. நிறுத்தித் தங்க இடம் தேடிய அனுபவங்கள்: நீங்களும் எழுதுங்கள்

மதுரைக்காரி, ஃபீனிக்ஸ்

ஆறு வருடமாக ஒரு 22 அடி டிரெய்லரை இழுத்துக்கொண்டு குடும்பத்தோடு சுற்றுகிறோம். ஆர்.வி. என்றால் படுக்கை, சமையல் வசதியோடு உள்ளேயே தங்கும் வண்டி. காசு கட்டி ஆர்.வி. பார்க்கில் தங்குவது வருடத்துக்கு நாலைந்து ராத்திரிதான். மற்றதெல்லாம் பி.எல்.எம். நிலத்திலும் தேசியக் காடுகளிலும்தான். போன வாரம் ஒரு தோழி, "இந்த இடங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறாய், பயமாக இல்லையா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

புதிதாக வருபவர்களுக்கு இரண்டு வரி. பி.எல்.எம். என்பது அமெரிக்க மத்திய அரசின் நில நிர்வாகத் துறை. அதன் கையில் சுமார் 24.5 கோடி ஏக்கர் இருக்கிறது, பெரும்பாலும் மேற்கு மாநிலங்களில். வனத்துறையிடம் இன்னொரு 19.3 கோடி ஏக்கர். இவற்றில் பல இடங்களில் பொதுவாக 14 நாள் வரை காசில்லாமல் தங்கலாம், அப்புறம் இடம் மாற வேண்டும். தண்ணீர், கரண்ட், கழிப்பறை, குப்பைத் தொட்டி எதுவும் கிடையாது. எல்லாம் நம் வண்டியில் வந்து நம் வண்டியிலேயே திரும்பிப் போக வேண்டும்.

எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் ஒரு மாட்டுப் பண்ணைக்காரர். முதல் வருடம், நவம்பர் மாதம், வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பினோம். தங்குமிடங்களைக் காட்டும் ஒரு செயலியில் யாரோ குறித்து வைத்திருந்த புள்ளியை நம்பி ராத்திரி ஏழரை மணிக்கு ஒரு மண் பாதையில் நுழைந்து, சமதளமாகத் தெரிந்த இடத்தில் வண்டியை நிறுத்திப் படுத்துவிட்டோம். விடிந்ததும் கதவு தட்டும் சத்தம். பழைய பிக்கப் ஒன்று நின்றது. வயதானவர், தொப்பியைக் கையில் கழற்றி வைத்துக்கொண்டு நிற்கிறார். சத்தம் போடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் கையைக் காட்டினார். எங்கள் டிரெய்லருக்கு முப்பது அடியில் ஒரு தகரத் தண்ணீர்த் தொட்டி. அதற்கப்பால், தூரத்தில், பத்துப் பதினைந்து மாடுகள் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றன. ராத்திரி முழுக்க அவை தண்ணீர் குடிக்க வரவில்லை. எங்களைக் கண்டு பயந்துவிட்டன.

மாடு கட்டிய வீட்டில் வளர்ந்தவள் நான். அந்தக் காட்சி இன்றுவரை மனதை விட்டுப் போகவில்லை.

அவர் திட்டவில்லை. வண்டியிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து வந்து பானெட் மேல் விரித்தார். மடிப்பெல்லாம் கிழிந்து, ஒட்டிய டேப் பழுப்பேறிப் போயிருந்தது. நிறம் நிறமாக விரலை வைத்துச் சொன்னார்: மஞ்சள் என்றால் பி.எல்.எம்., தங்கு. பச்சை என்றால் தேசியக் காடு, விதியைப் படித்துவிட்டுத் தங்கு. நீலம் என்றால் மாநில டிரஸ்ட் நிலம், அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வா. வெள்ளை என்றால் தனியார், போகவே போகாதே. நாங்கள் நின்றது நீலத்தில். பள்ளிக்கூடங்களுக்கு வருமானம் வருவதற்காக ஒதுக்கிய நிலமாம் அது. அவர் அதைக் குத்தகைக்கு எடுத்து மேய்க்கிறார். கால்நடைகளுக்கும் விலங்குகளுக்கும் இருக்கும் ஒரே தண்ணீரை மறித்துக்கொண்டு கால் மைலுக்குள் தங்கக் கூடாது என்று அரிசோனாவில் சட்டமே இருக்கிறது என்பதையும் அவர்தான் சொன்னார்.

அன்றிலிருந்து என் வழக்கம் மாறிவிட்டது. முதலில் நிலம் யாருடையது என்று பார்ப்பேன், செயலியில் மற்றவர்கள் எழுதியது அதற்கு அப்புறம்தான். பிறகு செயற்கைக்கோள் படத்தில் அந்தப் பாதையை நன்றாகப் பெரிதாக்கிப் பார்ப்பேன். டிரெய்லரைத் திருப்ப இடம் இருக்கிறதா, ஏற்கெனவே யாராவது தங்கிய அடையாளமாகத் தீ மூட்டும் கல் வட்டம் தெரிகிறதா என்று. மூன்று மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுவோம். பாதை அகலமாக இருக்கும் முகப்பிலேயே வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்காரர் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார். பாதி தூரத்தில் குறுகிப்போன பாதையில் டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்தவர்களுக்குத்தான் அந்த நடையின் அருமை தெரியும்.

நெல்லைச் சீமை, டென்வர்

அக்கா, அந்த மாடுகள் பற்றிப் படித்ததும் என் கதையை எழுத வேண்டும் போல இருந்தது.

தெற்கு டகோட்டாவில் பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்கு வெளியே, வால் என்ற சிற்றூருக்குத் தெற்கே, பஃபலோ கேப் தேசியப் புல்வெளி இருக்கிறது. வனத்துறை நிலம். இரண்டு தொலைத்தொடர்புக் கோபுரங்களைத் தாண்டி உள்ளே போனால் மேட்டின் விளிம்பிலேயே வண்டியை நிறுத்தலாம். காலுக்குக் கீழே பேட்லேண்ட்ஸ் முழுவதும் விரிந்து கிடக்கும். அந்த இடத்துக்குக் காசு வாங்காமல் விடுகிறார்கள் என்பதை எனக்கு நம்பவே முடியவில்லை.

நான் போய் விளிம்பை ஒட்டி, காட்சி நன்றாகத் தெரியட்டும் என்று, பக்கவாட்டில் நிறுத்தினேன். ராத்திரி பதினொரு மணிக்குக் காற்று ஆரம்பித்தது. வண்டி தொட்டில் மாதிரி ஆடுகிறது. மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்போது டார்ச் வெளிச்சம். பக்கத்து வண்டிக்காரர், ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர், காற்றில் சாய்ந்தபடியே நடந்து வந்தார். "வண்டியின் மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்பு, ஸ்லைடை உள்ளே இழு, விளிம்பை விட்டு ஐம்பது அடி பின்னால் வா" என்றார். ஸ்லைடு என்றால் வண்டியின் பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப்பகுதி. நான் எடுக்க எடுக்க அவர் பின்னால் நின்று வெளிச்சம் காட்டினார். மூக்கைத் திருப்பியதும் பாதி ஆட்டம் நின்றுவிட்டது.

விடியற்காலை மழை. அந்த ஊர் மண் களிமண். நம் கரிசல் காட்டில் மழை பெய்தால் செருப்பில் அப்புமே, அதே மாதிரி டயரில் ஒரு சாண் அப்பிக்கொள்ளும். கிளம்பப் பார்த்த என்னை அவரே தடுத்தார். காய்ந்த பிறகு போ என்றார். மதியம் ஒரு மணி வரை அவர் காப்பியையும் எங்கள் உப்புமாவையும் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தோம். அவசரப்பட்டு இறங்கிய ஒரு பெரிய மோட்டார் ஹோம் கண்ணெதிரே அச்சு வரை புதைந்தது. மழை வரும் என்றால் ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கி வையுங்கள்.

வால் ஊரில் வழிப்போக்கருக்கு இலவசமாக ஐஸ் தண்ணீர் கொடுத்தே நாடு முழுவதும் பேர் வாங்கிய ஒரு கடை இருக்கிறது. தண்ணீர்ப் பந்தல் வைத்த நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் போய்ப் பாருங்கள்.

கொங்குநாட்டான், டாலஸ்

படிக்கப் படிக்க ஏக்கமாக இருக்கிறது. டெக்சாஸில் இப்படி இடமே இல்லையா? வரைபடத்தில் எங்கே பார்த்தாலும் வெள்ளையாகத்தான் தெரிகிறது.

மதுரைக்காரி, ஃபீனிக்ஸ்

அது உங்கள் கண்ணின் குற்றமில்லை தம்பி. 1845-இல் டெக்சாஸ் அமெரிக்காவோடு சேர்ந்தபோது தன் பொது நிலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அதனால் அங்கே மஞ்சள் நிறத்தைத் தேடாதீர்கள். நெவாடாவில் சுமார் 80 சதவீதம் மத்திய அரசு நிலம், உங்கள் ஊரில் அநேகமாக எல்லாமே தனியார். ஆனால் கிழக்கு டெக்சாஸில் தேசியக் காடுகள் இருக்கின்றன. சாம் ஹூஸ்டன் காட்டைப் பாருங்கள். வேட்டைக் காலத்தில் குறித்த இடங்களில் மட்டும்தான் தங்கலாம், ஆகவே ரேஞ்சர் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள்.

யாழ் மகள், டொராண்டோ

நாங்கள் கனடாவில். இங்கே இதற்கு அரச நிலம், கிரவுன் லேண்ட் என்று பெயர். ஒன்டாரியோ மாகாணத்தில் சுமார் 87 வீதம் அப்படியான நிலம்தான், ஆனால் அநேகம் வடக்கே. கனடாவில் வசிப்பவர்கள் ஒரே இடத்தில் 21 நாட்கள் வரை காசில்லாமல் தங்கலாம். அமெரிக்காவிலிருந்து வருகிற ஆக்கள் வடக்கே தங்குவதானால் அனுமதி எடுக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

நுளம்பு (கொசு) பற்றி யாரும் எழுதவில்லையே! ஜூன் மாதம் பிள்ளைகளோடு போய் ஒரே ராத்திரியில் திரும்பி வந்தோம். இப்போது ஆகஸ்ட் கடைசிக்குப் பிறகுதான் போகிறோம்.

விரிகுடா வாசி, ஃப்ரீமான்ட்

எங்களிடம் சொந்த வண்டி இல்லை. வாடகைக்கு எடுப்பவர்கள் ஒப்பந்தத்தை முதலில் படியுங்கள். மண் பாதையில் ஓட்டக் கூடாது என்று பல இடங்களில் எழுதியிருக்கும். நாங்கள் மண் பாதைக்கு ஒப்புக்கொண்ட ஒருவரைத் தேடி எடுத்தோம்.

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார்கள், 68 வயது. கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்புக்குச் சற்று முன்னால் டூசாயன் ஊர். அதை ஒட்டிக் கைபாப் தேசியக் காட்டில் 302 என்ற எண்ணுள்ள காட்டுச் சாலையில் இடம் பிடித்தோம். பைன் மரங்களுக்கு நடுவே நாங்கள் மட்டும். செப்டம்பர் கடைசி. ராத்திரி ஒன்பது மணிக்கு மரங்களுக்குள்ளிருந்து ஒரு சத்தம். புல்லாங்குழல் மாதிரி ஆரம்பித்து, கீச்சென்று உயர்ந்து, உறுமலில் முடிகிறது. நான் பயந்து கதவைப் பூட்டினேன். அம்மா சன்னலில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இது ஜோடி தேடுற மிருகம்டா, நம்மள ஒண்ணும் செய்யாது" என்றார்கள். எல்க் மான். அது இணை சேரும் காலம். காலையில் ரேஞ்சர் ஒருவரிடம் கேட்டபோது அதையேதான் சொன்னார், கூடவே கிட்டே போகவே கூடாது என்றும்.

ஆனால் நான் எழுத வந்தது தண்ணீர் பற்றி. வண்டியில் 40 கேலன் டேங்க். முந்தைய பயணத்தில் நானும் மனைவியும் மட்டுமே இரண்டு நாளில் அதைக் காலி செய்தோம். இந்த முறை அம்மா வந்ததும் குழாயைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு செம்பு, ஒரு சின்ன வாளி. தட்டுகளைச் செய்தித்தாளால் துடைத்துவிட்டு ஒரு செம்பில் கழுவினார்கள், இன்னொரு செம்பில் அலசினார்கள். அரிசி கழுவிய தண்ணீர் பாத்திரத்துக்கு. குளியல் அரை வாளி வெந்நீரில். நாலு பேர், ஐந்து நாள், கிளம்பும்போது டேங்கில் இன்னும் தண்ணீர் இருந்தது. குழாயடியில் குடத்தோடு வரிசையில் நின்று குடும்பம் நடத்தியவருக்கு நான் ஆர்.வி. தண்ணீர்ச் சிக்கனம் பற்றி வீடியோ போட்டுக் காட்டியிருந்தேன். அம்மா அதை முழுதாகப் பார்த்து, நல்லா சொல்றான் என்றும் பாராட்டினார்கள்.

நெல்லைச் சீமை, டென்வர்

அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

காடுகளுக்குப் போகிறவர்கள் வனத்துறையின் மோட்டார் வாகன வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இலவசம், சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும். சாலைக் கோட்டின் ஓரத்தில் புள்ளி புள்ளியாக இருந்தால் அந்தச் சாலையோரம் வண்டியோடு தங்கலாம் என்று அர்த்தம். அப்புறம், பாலைவனத்தில் வறண்ட ஓடையின் மணல் எவ்வளவு அழகாகச் சமமாக இருந்தாலும் அதில் நிறுத்தாதீர்கள். மழை உங்கள் தலைக்கு மேல் பெய்ய வேண்டியதில்லை, இருபது மைல் தள்ளி மலையில் பெய்தால் போதும்.

மதுரைக்காரி, ஃபீனிக்ஸ்

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆறு வருடம் முன்னால் செடோனாவுக்கு மேற்கே காட்டுச் சாலையில் விரும்பிய இடத்தில் தங்கினோம். இப்போது குறித்த இடங்களில் மட்டும்தான். கலிபோர்னியாவில் அலபாமா ஹில்ஸிலும் அப்படித்தான் ஆகிவிட்டது. யூட்டாவில் மோவாப் பக்கம் பல இடங்களில் கழிப்பறைப் பெட்டி கையோடு கொண்டு போக வேண்டும். கூட்டம் ஒரு காரணம். ஆனால் நான் கண்ணால் பார்த்தது வேறு: மரத்தடியில் காகிதம், கல் வட்டத்துக்குள் டயப்பர், ஒரு முறை பாதி எரிந்த சோஃபா. கழிவுத் தொட்டியை மண்ணில் திறந்துவிட்டுப் போனவரின் தடத்தையும் பார்த்திருக்கிறேன். அன்று மாலை பிள்ளைகளை அந்தப் பக்கம் விளையாட விட முடியாமல் வேறு இடம் தேடிப் போனோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தயவுசெய்து இடத்தின் சரியான புள்ளியைப் படத்தோடு எல்லா இடத்திலும் போடாதீர்கள். எப்படித் தேடுவது என்று சொல்லிக்கொடுங்கள், அவர்களே தேடிப் போகட்டும்.

கொங்குநாட்டான், டாலஸ்

அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே போன் போட்டுக் கேட்டுவிட்டு ஏப்ரலில் சாம் ஹூஸ்டன் காட்டுக்குப் போய் இரண்டு ராத்திரி தங்கி வந்தோம். நாலு மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்தோம். பாதையை நடந்து பார்த்தேன். முதலில் நினைத்த இடத்தில் மரக்கிளை தாழ்வாக இருந்தது, அடுத்ததில் நிறுத்தினோம். ராத்திரி தவளைச் சத்தம் காதை அடைத்தது. கிளம்பும் காலையில் என் மகளைக் காணோம் என்று தேடினால், கல் வட்டத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிளறி பீர் மூடிகளாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எங்களுடையவை அல்ல. ரொட்டிப் பை ஒன்றில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்து எண்ணினாள். அறுபத்தொன்று.