ஆன்லைனில் வாங்கிய பழைய லேப்டாப் வேறு கம்பெனி லாகின் கேட்கிறது, விற்றவர் கை விரிக்கிறார். என்ன செய்யலாம்?

நாகலூர்க்காரன்:
வணக்கம், ஏற்காட்டில் இருந்து எழுதுகிறேன். தங்கை சேலத்தில் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அவளுக்காக ஆன்லைனில் 18,500 ரூபாய்க்கு ஒரு லேப்டாப் வாங்கினேன். ‘ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிபார்த்து விற்பது), 6 மாத வாரண்டி’ என்று போட்டிருந்தார்கள். ஜிஎஸ்டி பில் இருக்கிறது. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் மெதுவாக இருக்கிறதே என்று ரீசெட் கொடுத்தாள், அதோடு சரி. வைஃபையில் சேர்ந்ததும் ஏதோ ஒரு கம்பெனியின் பெயரும் லோகோவும் வந்து, அவர்களுடைய ஆபீஸ் மெயில் ஐடியைப் போடச் சொல்கிறது. தாண்டிப் போக வழியே இல்லை.

விற்ற பெங்களூரு கடைக்காரர் "இது சாஃப்ட்வேர் பிரச்சினை சார், வாரண்டி ஹார்டுவேருக்கு மட்டும்தான்" என்கிறார். விடாமல் கேட்டதும் "உங்கள் ஊருக்கு பிக்கப் கிடையாது, நீங்களே அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்கிறார். சேலம் அஞ்சு ரோடு பக்கம் ஒரு கடையில் 800 ரூபாய் கொடுத்தால் லாக்கை எடுத்துத் தருகிறார்களாம். எடுத்துவிடலாமா?

கீபோர்டு_ஆசாமி:
இதற்குப் போய் 800 ரூபாயா? நெட் இணைக்காமல் விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள், அந்தத் திரையே வராது. நான் செய்திருக்கிறேன்.

சூரமங்கலம்_சர்வீஸ்:
வரும் அண்ணா, அடுத்த ரீசெட்டில் திரும்ப வரும். லாக் ஹார்டுடிஸ்கில் இல்லை. பெரிய கம்பெனிகள் லேப்டாப் வாங்கும்போதே ஒவ்வொரு மெஷினின் அடையாளத்தையும் விண்டோஸ் ஆட்டோபைலட் என்ற பதிவில் ஏற்றிவிடும். புதிதாக செட்டப் செய்யும்போது நெட் கிடைத்தால், மெஷின் அந்தப் பதிவைத் தேடிப் பார்த்து ‘நான் இந்தக் கம்பெனி ஆள்’ என்று நின்றுவிடும். உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி டிஸ்கையே மாற்றினாலும் அதே கதைதான். பழைய கம்பெனி தன் பதிவிலிருந்து நீக்கினால்தான் விடும். ஆர்சி மாற்றாமல் வண்டியை விற்றதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நாகலூர்க்காரரே, கடைக்குக் கொடுக்க வேண்டாம். ஒரு ஸ்க்ரூ கழன்றாலும் "வெளியில் திறந்துவிட்டார்கள், வாரண்டி போச்சு" என்று விற்றவருக்கு வசதியாகிவிடும். லேப்டாப்பைத் திருப்பிப் பாருங்கள், பார்கோடு ஸ்டிக்கரைச் சுரண்டிய பசைத் தடம் இருக்கிறதா? பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங்ஸ் திரை) போய் சீரியல் நம்பரையும், ‘அசெட் டேக்’ என்ற இடத்தில் (கம்பெனிகள் தங்கள் மெஷினுக்குப் போடும் எண்) ஏதாவது எண் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பில்லில் உள்ள சீரியல் நம்பரும் அதுவும் ஒன்றுதானா?

நாகலூர்க்காரன்:
பசைத் தடம் இருக்கிறது, பாதி கறுப்புக் கோடுகூட ஒட்டிக்கொண்டிருக்கிறது. அசெட் டேகில் எட்டு இலக்க எண் ஒன்று. பில்லில் சீரியல் நம்பரே போடவில்லை, ‘யூஸ்டு லேப்டாப் – 1’ என்று மட்டும் இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை_வாசகர்:
சட்டப் பக்கம் நான் சொல்கிறேன். கடையாக நடத்துபவர் பில் போட்டு விற்றிருப்பதால் நீங்கள் நுகர்வோர். பழைய பொருள் என்பதால் அந்த உரிமை போய்விடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை.

போனில் பேசுவதை நிறுத்துங்கள், மெயில் மட்டும். ‘லாகின் ஆகவில்லை’ என்று எழுதினால் சாஃப்ட்வேர் என்றுதான் திரும்பச் சொல்வார். இப்படி எழுதுங்கள்: "நீங்கள் விற்ற லேப்டாப் இன்னும் வேறொரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அவர்களிடம் சொல்லிப் பதிவை நீக்கித் தாருங்கள், அல்லது முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். இது அவர்கள் முறையாக விற்ற பொருள்தான் என்பதற்கான ஆதாரத்தையும் அனுப்புங்கள்." கடைசி வரிக்குத்தான் பயப்படுவார். திரையின் படம், அசெட் டேக் படம், வாங்கும்போது இருந்த விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் சேர்த்து அனுப்புங்கள்.

மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். அவர்கள் உத்தரவு போட முடியாது, புகாரை விற்றவருக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். பாதிப் பேர் அதிலேயே வழிக்கு வந்துவிடுகிறார்கள் என்பது என் அனுபவம். அதற்கும் மேல் போனால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் சேலம் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, 2 வருடம் வரை நேரம் இருக்கிறது. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

அஸ்தம்பட்டி_ரவுண்டானா:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் ஒரு தனி ஆளிடம் பழைய போன் வாங்கினேன், புது பஸ் ஸ்டாண்டு பக்கம் நேரில் பார்த்துத்தான். மறுநாளே டிஸ்பிளேயில் பச்சைக் கோடு. எனக்கும் 1915 தானா?

செவ்வாய்ப்பேட்டை_வாசகர்:
இல்லை தம்பி. தன் சொந்த போனை ஒருமுறை விற்பவர் வியாபாரி ஆகமாட்டார். கோடு விழும் என்று தெரிந்தே மறைத்தார் என்று காட்ட முடிந்தால்தான் பிடி இருக்கிறது, அது கஷ்டம். பேசி ஏதாவது குறைத்து வாங்கப் பாருங்கள். அதைவிட முக்கியம், *#06# அழுத்தி போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை எடுத்து, கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து இடைவெளி விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். முடக்கப்பட்ட போன் என்று வந்தால் நேரே காவல் நிலையம், வேறு யாருக்கும் விற்றுவிடாதீர்கள்.

நாகலூர்க்காரன்:
அப்டேட். மெயிலுக்கு முதலில் "3,000 ரூபாய் தருகிறோம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது. ஒத்துக்கொள்ளவில்லை. 1915-ல் புகார் எண் வாங்கி அதே மெயிலில் போட்டதும், எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். மலையிறங்கி சேலத்தில் கூரியர் போட்டேன். பேக் செய்ததை சீரியல் நம்பர் தெரியும்படி வீடியோ எடுத்து வைத்தேன். 18,500 முழுதும் வந்துவிட்டது, கூரியர் செலவை மட்டும் தரவில்லை.

சூரமங்கலம்_சர்வீஸ்:
கூரியர் ரசீதை இணைத்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள், தராவிட்டால் விட்டுவிடுங்கள். அடுத்த லேப்டாப் வந்ததும், ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் நீங்களே ரீசெட் கொடுத்து, நெட்டில் இணைத்து செட்டப் செய்யுங்கள். பில்லில் சீரியல் நம்பர் போடாதவரிடம் ஆர்டரே போடாதீர்கள்.