கோலிக்குட்டு வாழையின் வாடல்: நஞ்சைத் தாங்கும் கன்று நோயையும் தாங்குமா?

மாத்தளைத் தோட்டம்:
கோலிக்குட்டு மரங்கள் மறுபடியும் விழுகின்றன. அடி இலை ஓரத்திலிருந்து மஞ்சளாகிக் காம்பு மடங்கித் தொங்குகிறது. தண்டின் அடியில் வெடிப்பு, குறுக்கே வெட்டினால் செங்கபில வளையங்கள். பியூசாரியம் என்ற பூஞ்சையால் வரும் பனாமா வாடல்தான். இந்தப் பூஞ்சை சுரக்கும் பியூசாரிக் அமிலம் என்ற நஞ்சை ஊட்டி, அதில் பிழைக்கும் இழைய வளர்ப்புக் கன்றுகளை (செடியின் சிறு துண்டிலிருந்து போத்தலில் வளர்த்தவை) ஆய்வுகூடங்களில் தெரிந்தெடுக்கிறார்கள். நமக்கு விடிவு அந்தக் கன்றுகள்தான் என்பேன்.

பதுளை மண்:
அண்ணே, அமிலம் கெடுதல் செய்வது உண்மை. கலச் சவ்வைப் பாழாக்குகிறது, இலையிலிருந்து நீர் அளவில்லாமல் வெளியேற வைக்கிறது. ஆனால் பூஞ்சை அதை மட்டும் நம்பியிருக்கவில்லை. வேர் வழியாக நுழைந்து நீர்க்குழாய்களிலேயே குடியேறுகிறது. மரம் தற்காப்புக்குச் சுரக்கும் பசையும் சேர்ந்து குழாயை அடைக்கிறது. போத்தலுக்குள் அமிலத்தைத் தாங்கிய கன்று மண்ணில் பூஞ்சையை வெல்லும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

மாத்தளைத் தோட்டம்:
தாய்வானில் இந்த வாடலைத் தாங்கும் ‘பார்மோசானா’ வாழை எப்படி வந்தது? இழைய வளர்ப்பில் தோன்றிய திரிபிலிருந்துதானே?

பதுளை மண்:
ஆமாம். ஆனால் அவர்கள் அதைத் தெரிந்தெடுத்தது நோய் பிடித்த நிலத்தில் நட்டுப் பார்த்து. அதுதான் என் கட்சியும். அமிலச் சோதனை ஆயிரக்கணக்கான கன்றுகளைச் சீக்கிரம் கழித்துக்கட்ட உதவும், சரி. தீர்ப்பு வயலில்தான். அந்தப் பார்மோசானாவுக்கும் நோய் அறவே வராது என்றில்லை, குறைவாக வரும், அவ்வளவுதான்.

பண்டாரவளை லயம்:
இரண்டு பேரும் மண்ணை மறந்துவிட்டீர்கள். தேயிலை நின்ற மண் புளிப்பு மண், இந்தப் பூஞ்சைக்கு அது தோதான இடம். டொலமைட் சுண்ணாம்பு போட்டுப் புளிப்பைக் குறைத்தால் நோயின் வேகம் தணியும். அப்புறம், அம்புல் வாழை இந்த வாடலை நன்றாகவே தாங்குகிறதே, அதை ஏன் யாரும் பேசவில்லை?

மாத்தளைத் தோட்டம்:
சந்தையில் கோலிக்குட்டுக்குக் கிடைக்கும் விலை அம்புலுக்குக் கிடைக்குமா தம்பி? பிள்ளைகளின் பள்ளிச் செலவு அந்தக் குலையில்தான் ஓடுகிறது. அதனால்தான் புதுக் கன்றுக்கு அடித்துக்கொள்கிறேன்.

பதுளை மண்:
புரிகிறது அண்ணே. ஆனாலும் அதே குழியில் கோலிக்குட்டு வைக்காதீர்கள். பூஞ்சையின் உறங்கும் வித்துக்கள் மண்ணில் 20 ஆண்டுக்கு மேலும் கிடக்கும், மருந்தடித்துப் போக்க முடியாது. நோய் பட்ட மரத்தின் அடியில் முளைக்கும் குட்டியைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்க வேண்டாம். பார்வைக்குப் பச்சையாக நிற்கும் குட்டிக்குள்ளும் பூஞ்சை இருக்கும். மண்வெட்டி, கத்தி, செருப்பில் ஒட்டிய மண்ணைக் கழுவிவிட்டே மேல் தட்டுக்கு ஏறுங்கள்.

மாத்தளைத் தோட்டம்:
குட்டி கொடுப்பதை இன்றே நிறுத்துகிறேன். கீழ்க் குழிகளில் அம்புல் வைக்கிறேன். மேல் தட்டில் நோய் இன்னும் வரவில்லை, அங்கே கோலிக்குட்டுதான். இழைய வளர்ப்புக் கன்றைத்தான் வாங்கி வைப்பேன்.

பதுளை மண்:
வாங்குங்கள், அது நோயில்லாத கன்று என்பதற்காக. நோயைத் தாங்கும் கன்று என்று யாராவது விற்றால், எந்த வயலில் சோதித்தார்கள் என்று கேளுங்கள்.