கதவு ஆர்ம்ரெஸ்ட் வினைல்: நிறம் ஏற்றிய பிறகு பிசுபிசுப்பு போகவில்லை, உதவி தேவை

வண்டி 2012 மாடல் மாருதி ஸ்விஃப்ட். இடம் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம், பகல் முழுக்க கடலோர வெயிலில்தான் நிற்கிறது. வெளிறிய பீஜ் உட்புறத்தை மே மாதம் கறுப்பாக மாற்றினோம்.

கதவின் பிளாஸ்டிக் பாகங்களில் குறை இல்லை. பின்பக்கம் பிபி குறி இருந்ததால், அதாவது பாலிப்ரொப்பிலீன் என்பதால், அட்ஹீஷன் புரோமோட்டர் (நிறம் ஒட்டிப் பிடிக்க உதவும் அடிக்கோட்) அடித்து, அது முழுசாகக் காயுமுன் மெல்லிசாக 3 கோட் நிறம் கொடுத்தோம். நகத்தால் சுரண்டினாலும் உரியவில்லை.

சிக்கல் கை ஊன்றும் ஆர்ம்ரெஸ்ட் வினைலில் மட்டும். நிறம் உரியவில்லை, ஆனால் மதியத்தில் கை ஒட்டுகிறது, உப்புத் தூசி அப்படியே படிகிறது.

செய்து பார்த்தவை: சோப்பு நீரில் கழுவி, நன்னீரில் அலசி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு சால்வென்ட் வினைல் டை அடித்தோம். பிசுபிசுத்தது. அதை எடுத்துவிட்டு வாட்டர் பேஸ் நிறமும் மேட் டாப்கோட்டும் (பளபளப்பில்லாத மேல்பூச்சு) போட்டோம். சில நாள் நன்றாக இருந்து, மறுபடி அதேதான். வலுவான தின்னர் தொடவில்லை, வினைல் உப்பிவிடும்.

நிறம் சரியாகக் காயாதது காரணமாகத் தெரியவில்லை; வெயில் படாத அடிப்பக்கம் அதே பெயின்டில் கெட்டியாக இருக்கிறது. பாலிஷ் மிச்சமும் இல்லை, அது இருந்தால் நிறம் விலகி விழும் மீன்கண் குழி ஒன்றுகூட விழவில்லை. நிறம் எடுத்த இடத்தில் டிஷ்யூ பேப்பர் வைத்து இரவெல்லாம் பாரம் ஏற்றியதில் எண்ணெய்க் கறை வந்தது. சூட்டில் வினைலின் பிளாஸ்டிசைசர் (அதை வளையும்படி மென்மையாக வைக்கும் எண்ணெய் போன்ற பொருள்) மேலேறி நிறத்தை இளக்குகிறது என்றே நினைக்கிறேன்.

புது ரெக்ஸின் மாற்றாமல், இந்தக் கசிவை அடக்கி, கை ஊன்றும்போது விரிசலும் விடாத எந்த அடிக்கோட் கடலோர வண்டியில் ஒரு கோடையாவது தாங்கியிருக்கிறது?