நாலு விரல் இடைவெளி: கொழும்பில் ஸ்போர்ட் கூபே ஓட்டுபவர்களின் அனுபவங்கள்

வெள்ளவத்தை 86

என்னிடம் இருப்பது வெள்ளை டொயோட்டா 86, முதல் தலைமுறை, இரண்டு கதவு ஸ்போர்ட் கூபே. கம்பனியில் போட்ட அதே ஸ்பிரிங், அதே 17 அங்குல ரிம். பின்னேரங்களில் மெரின் டிரைவில் நிறுத்தினால், யாராவது ஒருவர் கிட்ட வந்து டயருக்கும் மட்கார்ட்டுக்கும் நடுவில் விரல் விட்டுப் பார்க்காமல் போவதில்லை. நாலு விரல் தாராளமாகப் போகும். "மச்சான், இதுக்குள்ள ஒரு றாத்தல் பாணே வைக்கலாம் போல" என்று கூட்டாளி ஒருவன் சொன்னது எங்கள் வட்டத்தில் இப்போது நிரந்தரப் பகிடி.

பகிடியில் நியாயம் இல்லாமல் இல்லை. விளம்பரப் படத்தில் தரையோடு ஒட்டிக் கிடந்த கார் நேரில் பார்த்தால் கொஞ்சம் எம்பித்தான் நிற்கிறது. ஆனால் தரையிலிருந்து அடிப்பாகம் வரை அளந்தால் கம்பனிக் கணக்கு 130 மி.மீ. தான். அது ஒன்றும் உயரமான கார் இல்லை. கண்ணை உறுத்துவது டயருக்கு மேலே தெரியும் கறுப்பு வெற்றிடம். தரை இடைவெளி வேறு, சக்கர இடைவெளி வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டுதான் பாதிப் பேர் ஸ்பிரிங் வெட்டப் போகிறார்கள்.

அந்தப் பாண் கதை சொன்னவனிடம் இருப்பது இதே காரின் சுபாரு உடன்பிறப்பு, பிஆர்இசட். 40 மி.மீ. இறக்கியது. நிற்கும்போது என்ன அழகு என்று கேட்டால், மறுக்க மாட்டேன். அதில் ஒரு நாள் தெகிவளை மேம்பாலத்தால் போனோம். பாலத்தின் இணைப்பில் முன் சக்கரம் ஏறியதும் "டொக்" என்று ஒரு அடி. ஸ்பிரிங் சுருங்க இடமில்லாமல் பம்ப் ஸ்டொப் ரப்பரில் போய் மோதிய சத்தம் அது. நேர் ரோட்டில் பரவாயில்லை. வளைவில் அதே அடி விழுந்தால் அந்தச் சக்கரம் பிடியை விடப் பார்க்கும். ஸ்டியரிங்கில் அது கைக்குத் தெரிந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் காரின் முன்பக்கம் மக்பர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒரே தூணாக மேலே, சக்கரத்தை உடலோடு பிடிக்கும் ஓர் ஆர்ம் கீழே. கம்பனி உயரத்தில் கீழ் ஆர்ம் ஏறத்தாழச் சமமாகக் கிடக்கும். காரை நிறைய இறக்கினால் ஆர்மின் சக்கரப் பக்க நுனி மேல்நோக்கிப் போய்விடும். அப்போது கார் எந்தப் புள்ளியைச் சுற்றிப் பக்கவாட்டில் சரிகிறதோ அந்தப் புள்ளி, காரின் பாரமையம் இறங்குவதைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. பலன், தாழ்ந்த கார் வளைவில் இன்னும் அதிகமாகச் சரியப் பார்க்கும். அதை அடக்க இன்னும் இறுக்கமான ஸ்பிரிங் வேண்டும். அந்த இறுக்கம் கொழும்புக் காலி வீதியில் முதுகுக்கு வந்து சேரும். அதனால்தான் நான் பேசாமல் விட்டிருக்கிறேன். உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

றோட்டரி அண்ணா

தம்பி, என் 2004 ஆர்எக்ஸ்-8 கப்பலில் வந்து இறங்கும்போதே தாழ்ந்துதான் வந்தது. ஜப்பானில் முந்தைய சொந்தக்காரர் கொயில்ஓவர் (மரையைத் திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பிரிங்-ஷொக் செட்) போட்டிருந்தார், ஏலத் தாளிலேயே எழுதியிருந்தது. அங்கே வாகனப் பரிசோதனையில் தேறக் குறைந்தது 9 செ.மீ. தரை இடைவெளி வேண்டும். மனிதர் அந்தக் கோட்டில் ஒரு மயிரிழைகூட மேலே விடாமல் வைத்திருந்தார்.

ஜப்பான் ரோட்டுக்கு அது போதும். நமது பிரச்சினை பேஸ்மென்ட். பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு தொடர்மாடியில் சொந்தக்காரர் இருக்கிறார்கள். அந்தச் சரிவில் இறங்கும்போது மூக்கு தப்பிவிடும், எல்லோரும் பயப்படுவது அதற்குத்தான். திரும்பி வெளியே ஏறும்போதுதான் விஷயம். முன் சக்கரம் மேலே சமதளத்துக்குப் போய்விட்டது, பின் சக்கரம் இன்னும் சரிவில், நடு வயிறு விளிம்பில் "கர்ர்" என்று உட்காரும். ஆர்எக்ஸ்-8 இன் இரண்டு அச்சுக்கும் இடைத் தூரம் 2,700 மி.மீ., உமது 86 க்கு 2,570. நீளம் கூடக் கூட வயிறு தட்டுவதும் கூடும். காவலாளி ஐயா ஒவ்வொரு முறையும் குனிந்து பார்த்துவிட்டு, கவலையாகத் தலையை ஆட்டுவார்.

கொயில்ஓவரை மேலே ஏற்றிவிடலாம் என்று மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனேன். மரையெல்லாம் துருப்பிடித்து இறுகிப்போய், சாவி போட்டும் அசையவில்லை. கடைசியில் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி ஒரு செட் ஒரிஜினல் ஸ்பிரிங்கும் ஷொக்கும் எடுத்தேன். இப்போது எனக்கும் நாலு விரல் இடைவெளிதான். காவலாளி ஐயா குனிவதில்லை.

கொட்டாஞ்சேனை கராஜ்

இதைக் கேளுங்கள், சிரிப்பு வரும். புத்தம் புதிய ஐரோப்பியக் கூபே ஒன்று எங்களிடம் வந்தது. சொந்தக்காரரின் முறைப்பாடு இரண்டு. கார் அளவுக்கு மீறி உயரமாக நிற்கிறது, குழியில் விழுந்தால் சஸ்பென்ஷன் அசையவே இல்லை. விற்ற இடத்தில் "ஸ்போர்ட் கார் என்றால் அப்படித்தான் சேர்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

லிஃப்டில் ஏற்றி டோர்ச் அடித்துப் பார்த்தால், முன் ஸ்பிரிங்கின் வளையங்களுக்கு நடுவில் பிளாஸ்டிக் கட்டைகள் செருகியபடி இருக்கின்றன. சில தொழிற்சாலைகள் கப்பலில் ஏற்றும் காருக்கு இப்படிப் போட்டு அனுப்பும். கப்பலிலும் லொறியிலும் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டும்போது கார் அமுங்கி அடி தட்டக் கூடாது என்பதற்காக. வாடிக்கையாளரிடம் கொடுக்கும் முன் அதைக் கழற்ற வேண்டியது விற்பவரின் வேலை. இந்தக் காருக்கு யாரும் கழற்றவில்லை.

கழற்றிவிட்டு ரோட்டில் விட்டோம். உயரமும் இறங்கியது, ஓட்டமும் மிருதுவானது. அந்த அண்ணா இறக்குமதி ஸ்பிரிங்குக்கு விலை விசாரித்து வைத்திருந்தார்! ஆகவே புதுக் கார் எடுத்தவர்கள் முதலில் ஸ்பிரிங்கை எட்டிப் பாருங்கள். காசு செலவில்லாத வேலை.

ஹைவேப் பிரியன்

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், நான் மறுபக்கம். என் ஹொண்டா சிஆர்-இசட்டை 25 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங்கில்தான் ஓட்டுகிறேன், திருப்தி. வேலை காலி நகரில், அதனால் பெரும்பாலும் கொட்டாவையில் ஏறி அதிவேகப் பாதையில்தான் ஓட்டம். அங்கே காற்றில் அலைவது குறைந்திருக்கிறது என்பது என் எண்ணம். மனப்பிரமை என்று மனைவி சொல்கிறார்.

ஸ்பிரிங் மாற்றியவுடன் அலைன்மென்ட் கட்டாயம். முன் சக்கரத்தின் சாய்வும், அது நேராக முன்னே பார்க்கும் கோணமும் மாறிவிடும். அப்படியே விட்டால் டயரின் உள் ஓரம் தேய்ந்து கம்பி தெரியும் வரை வெளியிலிருந்து உங்களுக்குத் தெரியாது. பின்பக்கம் டோர்ஷன் பீம், இரண்டு சக்கரத்தையும் ஒரே சட்டம் இணைக்கும், அங்கே பெரிய மாற்றம் இல்லை. ஸ்பிரிங் வெட்டுவதை மட்டும் நானும் ஆதரிக்க மாட்டேன். வளையம் குறையக் குறைய ஸ்பிரிங் இறுகும், அது சரி, ஆனால் ஜாக் அடித்து சக்கரம் தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் இருக்கையை விட்டுக் கழன்று நிற்கும். பார்த்திருக்கிறேன்.

அப்புறம், 86 தம்பிக்கு ஒரு வார்த்தை. உம்முடைய கார் வெள்ளை. வெள்ளை மட்கார்ட்டுக்குக் கீழே கறுப்பு இடைவெளி, அதுக்குக் கீழே கறுப்பு டயர். அதனால் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. என்னுடையது கடும் நீலம், இறக்கும் முன்பே யாரும் விரல் விட்டுப் பார்க்கவில்லை.

பழைய எம்ஜி

தம்பிமாரே, கம்பனியே காரை உயர்த்திக் கெடுத்த கதை ஒன்று உண்டு. எம்ஜிபி என்ற பழைய பிரித்தானிய ஸ்போர்ட் கார். 1974 இன் பிற்பகுதியில் அமெரிக்க விதிகளுக்காகப் பளபளப்பான குரோம் பம்பரைக் கழற்றிவிட்டுக் கறுப்பு ரப்பர் பம்பர் போட்டார்கள். பம்பரும் ஹெட்லைட்டும் விதிப்படியான உயரத்துக்கு வர வேண்டும் என்பதற்காக முழுக் காரையும் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் தூக்கிவிட்டார்கள். திறந்த கார், ஜிடி கூபே இரண்டுக்கும் அதே கதி. வளைவில் படகாட்டம் சரியும் என்று அந்தக் காலத்துக்காரர் எல்லோரும் திட்டினார்கள். நான் ஓட்டியது குரோம் பம்பர்காரன், நண்பர் ஒருவருடையது ரப்பர். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் அவருடைய காரின் கீழ் பூனை போகும்.

இன்றைக்கும் அதே கணக்குத்தான். ஐரோப்பிய விதியில் ஹெட்லைட்டின் தாழ் ஒளி தரையிலிருந்து 500 மி.மீ. க்குக் கீழே இருக்கக் கூடாது. பனி நாட்டுக்காரர் டயரில் சங்கிலி சுற்றுவார்கள், அதற்கும் உள்ளே இடம் விட வேண்டும். நாலு பேரும் பொதியும் ஏறி, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, குழியிலும் விழுந்தால் டயர் மட்கார்ட்டில் உரசக் கூடாது. கொழும்பில் பனி இல்லை என்று யாரும் தனியாக ஸ்பிரிங் செய்து அனுப்பப் போவதில்லை.

சின்னவன்

அண்ணாமார், நான் 86 ஒன்று வாங்கப் பார்க்கிறேன். இறக்காமலே இடைவெளியைக் கொஞ்சம் குறைக்க வழி இருக்கா? 18 அங்குல ரிம் போட்டால் சரியாகுமா?

வெள்ளவத்தை 86

ரிம் மட்டும் பெரிதானால் பிரயோசனமில்லை தம்பி. ரிம் கூடும் அளவுக்கு டயரின் பக்கச் சுவர் குறைந்தால் மொத்த உயரம் அதேதான், இடைவெளியும் அதேதான். பார்க்க வேண்டியது டயரின் மொத்த விட்டம். கம்பனி டயர் 215/45ஆர்17 (அகலம் மி.மீ. இல், பக்கச் சுவர் அகலத்தின் வீதமாக, ரிம் அங்குலத்தில்), விட்டம் சுமார் 625 மி.மீ. அதே ரிம்மில் 225/45ஆர்17 போட்டால் 634. இடைவெளி நாலரை மி.மீ. குறையும். கூடவே கார் நாலரை மி.மீ. மேலே ஏறும், பேஸ்மென்டுக்கு அது லாபம். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை வீதம் குறைத்துக் காட்டும், அவ்வளவுதான். நாலரை மி.மீ. என்பது ஒரு விரல் தடிப்பில் கால்வாசி அளவுதான் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். என் அடுத்த டயர் செட் அதுதான்.

கொட்டாஞ்சேனை கராஜ்

சின்னவன், வாங்கும் காரை யாராவது இறக்கியிருக்கிறார்களா என்று பார்க்கப் போகிறீர் என்றால் விரலால் அளக்க வேண்டாம். சக்கரத்தின் நடுப் புள்ளியிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை டேப் பிடியும். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுக்கும். நாலு பக்கமும் அளந்து, இடமும் வலமும் ஒத்துப்போகிறதா பாரும். பெற்றோல் டாங்க் நிறைந்திருந்தால் பின்பக்கம் சில மி.மீ. இறங்கியிருக்கும், அதையும் விசாரியும். முக்கியமாக, கார் அப்போதுதான் ஜாக்கிலிருந்து இறக்கியதாக இருந்தால் அளக்கவே வேண்டாம். டயர்கள் உள்வாங்கி நிற்கும், உயரம் பொய் சொல்லும். முன்னே பின்னே கொஞ்சம் உருட்டிவிட்டு, போனட்டிலும் பூட்டிலும் ரெண்டு அமுக்கு அமுக்கி விட்டு அளவும். விற்கிறவர் "எதுக்குத் தம்பி இதெல்லாம்" என்று கேட்டால், ஸ்பிரிங்கையும் ஒருக்கா டோர்ச் அடித்துப் பாரும்.