லைனிங் பிளவுஸ் ஒரு நாளைக்கு 4-க்கு மேல் போகவில்லை, தோளும் முதுகும் பிடித்துக்கொள்கிறது. வேலை முறையை எப்படி மாற்றுவது?

நூல்கண்டு
எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் வைத்து பிளவுஸ் தைக்கிறேன். பழைய கறுப்பு மெஷின், காலில் மிதிப்பது. காலை 10 மணிக்கு உட்கார்ந்தால் இரவு 9 ஆகிவிடுகிறது, அப்படியும் லைனிங் பிளவுஸ் 4 தான் முடிகிறது. வெட்டுவது தரையில். வலது தோளும் இடுப்புக்கு மேலேயும் சாயங்காலத்துக்குள் இறுகிவிடுகிறது. கூடுதல் நேரம் உட்காராமல் 5 அல்லது 6 தைக்க வழி உண்டா? மோட்டார் மாட்டினால் போதுமா, இல்லை முறையையே மாற்ற வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாபின்கேஸ்
மோட்டாரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரே ஒரு நாள், மெஷின் உண்மையில் ஓடுகிற நேரத்தை மட்டும் குறித்து வையுங்கள். உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அது பாதிகூட வராது. மீதியெல்லாம் நூல் மாற்றுவது, பாபின் (அடிநூல் உருளை) சுற்றுவது, கத்தரி தேடுவது, அயர்ன் பெட்டிக்கு எழுந்து போவது, பிரிப்பது. குறைக்க வேண்டியது அதைத்தான்.

ஒரு பிளவுஸை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை முடித்துவிட்டு அடுத்ததை எடுக்காதீர்கள். நூல் நிறம் ஒத்துப்போகிற 3 அல்லது 4 பிளவுஸை ஒரு கட்டாக எடுங்கள். நான்கிலும் லைனிங் ஜாயிண்ட் (லைனிங்கை மேல்துணியோடு இணைப்பது), பிறகு நான்கிலும் டக் (உடல் வடிவத்துக்காக முன்பாகத்தில் தைக்கிற கூர்மடிப்பு), பிறகு ஊக்குப் பட்டி, ஷோல்டர், கழுத்து, கை, கடைசியாக சைடு. கையின் அடி மடிப்பை, கையை உடம்போடு சேர்க்கும் முன்பே அடித்துவிடுங்கள். தட்டையாக இருக்கும்போது ஓட்டுகிற வேகம் குழாயாக ஆன பிறகு வராது.

டக்கை எப்படி ஓட்டுவது என்று விரிவாகவே சொல்கிறேன், நேரம் மிச்சமாகிற இடம் அது. எல்லா முன்பாகத்திலும் டக்கை மடித்து குண்டூசி குத்தி, இடது பக்கம் அடுக்கி வையுங்கள். அகலமான ஓரத்தில் தொடங்கி கூர்முனைக்குப் போங்கள். கடைசி 3 தையல் துணியின் மடிப்பு விளிம்பை ஒட்டியே போகட்டும். அப்போதுதான் முனை குமிழாகத் தூக்காது. முனையைத் தாண்டியதும் நூலை வெட்டாமல் 2, 3 தையல் விட்டு அடுத்த துண்டை உள்ளே கொடுங்கள். அதற்கு மேல் துணி இல்லாமல், துணியை நகர்த்துகிற பல்லின் மேல் வெறுமனே ஓட்டினால் அடியில் நூல் சிக்கும். எல்லாம் முடிந்ததும் தோரணம் மாதிரி தொங்குவதை மொத்தமாக வெட்டிப் பிரித்துக்கொண்டு, ஒரே தடவை போய் அயர்ன் செய்யுங்கள்.

நான்குக்கு மேல் கட்டு போட வேண்டாம். துண்டுகள் கலந்துவிடும், ஒரு இடத்தில் அளவு தவறினால் எல்லாவற்றிலும் தவறும். ஒரே பக்கத்துக் கை இரண்டு தைத்துவிடுவது இதில் அடிக்கடி நடக்கிற பிழை. வெட்டும்போதே எல்லாத் துண்டின் உள்பக்கத்திலும் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டு, கையின் முன்வளைவில் கால் அங்குலத்துக்கும் குறைவாக ஒரு சின்ன வெட்டு கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

பாபின் 10 வாங்கி, காலையிலேயே அன்றைய நிறங்களைச் சுற்றி வைத்துவிடுங்கள். விளிம்பு வரை நிரப்பாதீர்கள், பாபின் கூட்டுக்குள் உரசி நூல் இழுக்கும். காட்டன் லைனிங்கை முந்தின இரவே தண்ணீரில் நனைத்துக் காயப்போட்டு வெட்டுங்கள். இதை விட்டால் முதல் சலவையிலேயே லைனிங் சுருங்கி, மேல்துணி கொசகொசவென்று நிற்கும். ஆல்டரேஷனுக்குத் திரும்பி வருகிற பிளவுஸ் அரை நாளைத் தின்றுவிடும்.

மெஷின்_பக்கம்
மெஷின் மிதிக்கக் கனமாக இருந்தால் அதுவே பாதி அலுப்பு. பெல்டைக் கழற்றிவிட்டு, கீழ்ச் சக்கரத்தைத் தனியாகவும் மேல் வீலைத் தனியாகவும் சுற்றிப் பாருங்கள், கனம் எங்கே என்று தெரிந்துவிடும். கீழே என்றால் பெரும்பாலும் அச்சில் நூலும் தூசியும் சுற்றிக்கொண்டிருக்கும். கத்தி முனையால் எடுத்துவிட்டு எண்ணெய் விடுங்கள். மேலே என்றால் பழைய எண்ணெய் பிசினாகி இருக்கும். தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் பல வீட்டில் உண்டு, அது நாள்பட்டால் கோந்து போல இறுகிவிடும். மண்ணெண்ணெய் சில துளி விட்டு, நூல் மாட்டாமல் கொஞ்ச நேரம் ஓட்டி, துடைத்துவிட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள். அதற்குப் பிறகு பழைய துணியில் ஓட்டிப் பார்க்காமல் பட்டுத் துணியை எடுக்கவே கூடாது, ஒரு சொட்டுக் கறை போதும். மண்ணெண்ணெய் விடும்போது பக்கத்தில் அடுப்போ விளக்கோ இருக்கக் கூடாது.

தினமும் வேலை முடிந்ததும் ஊசித்தட்டுக்கு அடியில் பல்லையும் பாபின் கூட்டையும் பிரஷ்ஷால் தட்டி, ஓடுகிற வளையத்தில் ஒரு துளி எண்ணெய். 2 நிமிடம்.

ஊசி விஷயத்தில் பலர் சிக்கனம் பார்க்கிறார்கள். காட்டனுக்கு 14-ஆம் நம்பர் ஊசி, பட்டுக்கும் மெல்லிய சிந்தெடிக்குக்கும் 11-ஆம் நம்பர். துணியில் இறங்கும்போது டொக் டொக் என்று சத்தம் கேட்டாலோ, பட்டில் இழை இழுத்தாலோ, தையல் விட்டு விட்டு விழுந்தாலோ ஊசி மழுங்கிவிட்டது அல்லது வளைந்துவிட்டது. உடனே மாற்றுங்கள். ஒரு ஊசியின் விலையையும் கழுத்து ஓரத்தைப் பிரித்துத் திரும்பத் தைக்கிற நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மோட்டார் காலுக்கு ஓய்வு கொடுக்கும், தோளுக்கு ஒன்றும் செய்யாது. மாட்டுவதானால் பெல்டை நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கும்படி வையுங்கள். இறுக்கினால் மோட்டார் சூடாகும், தளர்ந்தால் பெல்ட் வழுக்கும்.

நேர்முதுகு
பாபின்கேஸ் சொன்ன கட்டு முறை சரிதான், ஆனால் அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. எழுந்து போகிற வேலையெல்லாம் குறைந்துவிட்டால், 2, 3 மணி நேரம் ஒரே இருப்பாக உட்கார்ந்துவிடுவீர்கள். அதுதான் முதுகை இறுக்கும். அதனால் கட்டு வேலையைப் பிரிக்கும்போதே உட்கார்ந்து செய்வது, நின்று செய்வது என்று மாற்றி மாற்றி வரும்படி வையுங்கள். டக் முடிந்ததும் நின்று அயர்ன், கழுத்து முடிந்ததும் நின்று வளைவுகளில் வெட்டுக் கொடுத்துத் திருப்புவது. அயர்ன் மேஜையை நாற்காலியில் இருந்தபடியே எட்டுகிற தூரத்தில் வைக்காதீர்கள். 40 நிமிடத்துக்கு ஒரு தடவையாவது நாற்காலியை விட்டு எழுந்தாக வேண்டும்.

வலது தோள் இறுகுவதற்கு இரண்டு இடத்தைப் பாருங்கள். கைகளைத் துணி நகர்த்துகிற நிலையில் மெஷின் தட்டின் மேல் வைத்து, யாரையாவது பக்கத்திலிருந்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். தோள் காதை நோக்கி ஏறியிருந்தால் இருக்கை தாழ்வு. முழங்கை தட்டின் மட்டத்துக்கோ ஒரு விரற்கடை மேலேயோ வரும் வரை கெட்டியான மெத்தையைப் போட்டு உயர்த்துங்கள். பஞ்சுத் தலையணை அமுங்கிவிடும், மடித்த ஜமுக்காளம் நல்லது. முதுகு சாய இடமில்லாத ஸ்டூல் வேண்டாம்.

இரண்டாவது, நாற்காலியை மேஜைக்கு நடுவில் போடுவது. ஊசி இருப்பது மெஷினின் இடது முனையில். மேஜைக்கு நடுவில் உட்கார்ந்தால் நாள் முழுக்க உடம்பு இடது பக்கம் முறுக்கியே இருக்கும். உங்கள் மூக்குக்கு நேரே ஊசி வரும்படி நாற்காலியை நகர்த்துங்கள். முதல் இரண்டு நாள் வினோதமாக இருக்கும், பழகிவிடும்.

விளக்கு இடது பக்கத்திலிருந்து ஊசி முனையில் விழ வேண்டும். தலைக்கு மேலே டியூப்லைட் மட்டும் இருந்தால் உங்கள் நிழலே துணியில் விழும், குனியத்தான் தோன்றும். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடி தூரத்தில் இருக்கிற எதையாவது 20 விநாடி பாருங்கள். தண்ணீரைக் குறைத்துக்கொண்டு உட்காராதீர்கள், தையல் வேலை செய்கிற பெண்கள் பலருக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது, சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடலாம். கை மரத்துப்போவது, இரவிலும் வலி தொடர்வது இருந்தால் நாற்காலியை மாற்றிக்கொண்டே இருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

நூல்கண்டு
நாற்காலியைப் பார்த்தேன், மேஜைக்கு நடுவில்தான் போட்டிருக்கிறேன்! தரையில் வெட்டுவதற்கு மாற்று என்ன? கட்டிங் டேபிள் போட இடமில்லை, சாப்பாட்டு மேஜை மட்டும் இருக்கிறது.

நேர்முதுகு
அதுவே போதும். சாப்பாட்டு மேஜை ஏறக்குறைய 30 அங்குல உயரம், வெட்டுவதற்கு அது தாழ்வு. நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால் வருகிற உயரத்தில் 4 அங்குலம் கழித்துக்கொள்ளுங்கள். 5 அடி உயரமுள்ளவருக்கு 34 அங்குலம் வரும். தச்சரிடம் சொல்லி, மேஜைக்கால் உட்காரும் அளவு மேலே குழி எடுத்த 4 மரக்கட்டை வாங்கிக் காலுக்கு அடியில் கொடுங்கள். குழி இல்லாத கட்டை வழுக்கும். கத்தரியின் கீழ்வாய் மேஜையில் படிந்தே நகரட்டும், தூக்கித் தூக்கி வெட்டினால் கட்டைவிரல் மூட்டுதான் அடி வாங்கும். அந்தக் கத்தரியால் பேப்பர் வெட்டாதீர்கள்.

அளவுநோட்டு
ஒரு விஷயம் இன்னும் யாரும் சொல்லவில்லை. எந்த வேலையை எந்த நேரத்தில் செய்வது என்பது. வெட்டுவது காலையில், தலை தெளிவாக இருக்கும்போது. கறுப்பு, நேவி ப்ளூ எல்லாம் பகல் வெளிச்சத்தில். ராத்திரி 8 மணிக்கு மேல் கத்தரியைக் கையில் எடுக்கவே வேண்டாம். தவறாகத் தைத்ததைப் பிரிக்கலாம், தவறாக வெட்டியதை என்ன செய்வது? அந்த நேரத்துக்கு ஊக்கு கட்டுவது, ஹெம்மிங், சேலைக்கு ஃபால்ஸ் என்று கைவேலையை ஒதுக்குங்கள். ஊக்கும் ஹெம்மிங்கும் பீஸுக்கு இவ்வளவு என்று வெளியே கொடுக்க ஆள் கிடைத்தால் இன்னும் நல்லது. நீங்கள் கேட்கிற அந்த 5-வது பிளவுஸ் வருவது அங்கிருந்துதான்.

டெலிவரி தேதியை நினைவிலிருந்து சொல்லாதீர்கள். நோட்டில் நாளுக்கு 5 கட்டம் போட்டு, 4-ஐ மட்டும் ஆர்டருக்குக் கொடுங்கள். 5-வது கட்டம் ஆல்டரேஷனுக்கும் அவசரத்துக்கும். தீபாவளிக்கு முன்னால் கட்டங்கள் நிரம்பியதும் "இனிமேல் பண்டிகைக்கு அப்புறம்தான் அக்கா" என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அளவு பிளவுஸ் வாங்கும்போதே போட்டுப் பார்க்கச் சொல்லி, எங்கே இறுக்கம், எங்கே தளர்வு என்று கேட்டு சீட்டில் எழுதி, அந்தச் சீட்டைத் துணியோடு சேர்த்துக் குண்டூசி குத்திவிடுங்கள். போன வருடத்து அளவு பிளவுஸை அப்படியே நம்பி வெட்டினால், அந்த 5-வது கட்டம் முதல் வாரத்திலேயே நிரம்பிவிடும்.