தந்தையின் போரும் முரகாமியின் நாற்பது ஆண்டுகளும்

கீழைக்காற்று:
ஜப்பானிய நாவலாசிரியர் ஹருகி முரகாமி என்றவுடன் ஜாஸ், பூனை, மாரத்தான் என்று பேசத் தொடங்கிவிடுவதில் எனக்குச் சலிப்பு வந்துவிட்டது. அவருடைய எழுத்து வாழ்வில் கேட்கப்பட வேண்டிய கேள்வி வேறு. அவருடைய தந்தை சியாகி முரகாமி ஜப்பான் சீனாவின் மீது போர் தொடுத்திருந்தபோது, 1938 ஆகஸ்ட்டில் ஜப்பானியப் படையில் சேர்ந்து அங்கே அனுப்பப்பட்டவர். பிடிபட்ட சீன வீரர் ஒருவரைத் தம் படைப்பிரிவினர் வாளால் வெட்டிக் கொன்றதையும், அந்த வீரர் சிறிதும் கலங்காமல் கண்மூடி அமர்ந்திருந்ததையும் சிறுவனாக இருந்த மகனிடம் ஒருமுறை சொன்னவர். 1979இல் முதல் நாவலை வெளியிட்ட மகன், இந்தக் காட்சியைத் தம் குடும்பத்தின் கதையாக விரித்து எழுதியது 2019இல், 'பூனையைக் கைவிடுதல்' என்ற கட்டுரையில்தான். அதற்குள் தந்தை இறந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இதைத் தயக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தட்டிக்கழித்தல் என்பேன்.

வடக்குவாசல்:
நண்பரே, நேரடியாக எழுதுவது மட்டுமே எழுதுவது என்று நீங்கள் கொள்வதால் இந்த முடிவுக்கு வருகிறீர்கள். 1980இல் வெளிவந்த அவருடைய முதல் சிறுகதையின் தலைப்பிலேயே சீனா இருக்கிறது. வாழ்வில் சந்தித்த மூன்று சீனர்களை நினைவுகூரும் அக்கதைசொல்லி, தன்னுடன் வேலை செய்த சீனப் பெண்ணை இரவில் டோக்கியோவின் யாமனோத்தே வட்டப்பாதையில் தவறான திசையில் செல்லும் ரயிலில் ஏற்றிவிடுகிறான். வேண்டுமென்றே செய்ததல்ல, ஆனாலும் அந்த ஊரில் தனக்கு இடமில்லை என்று அவள் ஏற்கெனவே நினைத்திருந்ததை அது உறுதிப்படுத்திவிடுகிறது. 1982இன் 'ஆடு' நாவலிலும் தீமையின் வேர், அப்போது ஜப்பானின் பிடியில் இருந்த வடகிழக்குச் சீனப் பகுதியான 1930களின் மஞ்சூரியாவில்தான் இருக்கிறது.

காலதாமதத்திற்கும் காரணம் உண்டு. 1937 டிசம்பரில் சீனாவின் நான்ஜிங் நகருக்குள் முதலில் நுழைந்து, பெரும் படுகொலை நிகழ்த்திய ஜப்பானியப் படைகளுள் ஒன்றில் தந்தை இருந்திருப்பாரோ என்ற அச்சத்தில், ஆவணங்களைத் தேடுவதையே பல ஆண்டுகள் ஒத்திவைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். தேடியபோதுதான், தந்தை சேர்ந்தது நான்ஜிங் வீழ்ந்து பல மாதங்களுக்குப் பிறகு என்று தெரிந்தது. சீன உணவைத் தம்மால் உண்ண முடியாததற்குக்கூடத் தந்தையின் அனுபவம் காரணமாக இருக்கலாம் என்று 1990களிலேயே ஒரு நேர்காணலில் சொன்னவர் அவர். சீனாவிலிருந்து வந்த ராமென் நூடுல்ஸ் நிறைந்த நாட்டில் அது சிறிய இழப்பல்ல என்பதைச் சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொள்கிறேன்.

கீழைக்காற்று:
யாமனோத்தே ரயில் அழகான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் நாவல்களில் உடல் சிதைவது யாருக்கு என்று பாருங்கள். 'சாவி கொடுக்கும் பறவையின் வரலாறு' நாவலில், மஞ்சூரியாவும் மங்கோலியாவும் சந்திக்கும் நோமோன்ஹான் எல்லைப் பகுதியில் உயிரோடு தோலுரிக்கப்படுபவர் ஒரு ஜப்பானியர், உரிப்பவர் மங்கோலியர், ஆணையிடுபவர் ரஷ்யர். 2017இல் வந்த 'கொமெந்தத்தோரே' நாவலிலும், நான்ஜிங்கில் கைதிகளின் தலையை வெட்ட வற்புறுத்தப்பட்டு, ஊர் திரும்பித் தற்கொலை செய்துகொள்ளும் மென்மையான, பியானோ வாசிக்கும் இளைஞன்தான் நம் இரக்கத்தைப் பெறுகிறான். கொல்லப்பட்டவர்களுக்கு அங்கே முகம் இல்லை. ஆக்கிரமித்தவனின் மனக்காயத்தையே திரும்பத் திரும்ப எழுதுவது, நாற்பது ஆண்டு மௌனத்தைவிடச் சிக்கலானது.

மழைநாள்:
இருவரும் ஒரு முக்கியமான பகுதியைத் தாண்டிச் செல்கிறீர்கள். நீங்கள் குறிப்பிடும் 'பறவை' நாவலின் முதலிரண்டு பாகங்கள் 1994இல் வந்தன. தோலுரிக்கும் காட்சி முதல் பாகத்தில் உள்ளது. மூன்றாம் பாகம் 1995 ஆகஸ்ட்டில், கோபே நிலநடுக்கமும் டோக்கியோ சுரங்க ரயில் நச்சுவாயுத் தாக்குதலும் நடந்த அதே ஆண்டில் வந்தது. அதில் 1945 ஆகஸ்ட்டில், மஞ்சூரியத் தலைநகரின் உயிரியல் பூங்காவில், பேஸ்பால் சீருடை அணிந்த சீனர்களை ஜப்பானிய வீரர்கள் கொல்கிறார்கள். மூவரைத் துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்துகிறார்கள். நான்காமவரைப் பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொல்லும்படி ஓர் இளம் வீரனுக்கு ஆணையிடப்படுகிறது. அவன் அதற்கு முன் மட்டையைப் பிடித்ததே இல்லாததால், எப்படி வீசுவது என்று அதிகாரி அங்கேயே கற்றுத்தருகிறார். இதே நாவலில் சமகால டோக்கியோவில் வாழும் நாயகனின் கையிலும் ஒரு பேஸ்பால் மட்டை இருக்கிறது, அவனும் அதைக்கொண்டு அடிக்கிறான். டோக்கியோவின் ஜிங்கு பேஸ்பால் மைதானத்தில் ஒருவர் பந்தை அடித்த கணத்தில்தான் நாவல் எழுதும் எண்ணம் தமக்கு வந்தது என்று சொல்லிவரும் எழுத்தாளர், அந்த விளையாட்டையே கொலைக்கருவியாக்கியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

கீழைக்காற்று:
மட்டையைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஜப்பானியர்களை மட்டுமே பாதிக்கப்பட்டவர்களாகக் காட்டுகிறார் என்று பொருள்படும்படி நான் எழுதியது பிழை. ஆனால் 2009இல் எருசலேமில் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையை நினைத்துப்பாருங்கள். தந்தை நாள்தோறும் காலையில் வீட்டுப் பலிபீடத்தின் முன் அமர்ந்து, நண்பர், பகைவர் என்று பாராமல் போரில் மாண்ட அனைவருக்காகவும் வேண்டியதாக அதில் சொல்கிறார். அந்த 'அனைவர்' என்ற சொல்லில் படையெடுத்தவரும் படையெடுப்புக்கு ஆளானவரும் ஒன்றாகிவிடுகிறார்களே, அதுதான் என்னை உறுத்துகிறது.

வடக்குவாசல்:
பலிபீடம் என்ற சொல்லைத் தவிர்க்கலாம், அது பௌத்த வழிபாட்டு மாடம். வழிபாட்டில் அமர்ந்திருக்கும் ஒருவரிடம் தீர்ப்பை எதிர்பார்ப்பது சரியா என்று தெரியவில்லை. மகன் தீர்ப்பைத் தவிர்த்தார் என்றும் சொல்ல முடியாது: 2017 நாவலில் ஒரு பாத்திரம், நான்ஜிங்கில் இறந்தவர்கள் நான்கு லட்சமா, ஒரு லட்சமா என்பதால் என்ன வேறுபாடு என்று கேட்டதற்காக ஜப்பானிய வலதுசாரிகள் அவரைக் கடுமையாகத் தாக்கினார்கள்.

'பூனையைக் கைவிடுதல்' எங்கே தொடங்குகிறது என்பதையும் பாருங்கள். தந்தையும் மகனும் சைக்கிளில் சென்று கடற்கரையில் ஒரு பூனையை விட்டுவிட்டு வீடு திரும்பினால், பூனை அவர்களுக்கு முன்பே வந்து வாசலில் காத்திருக்கிறது. தந்தையின் முகத்தில் முதலில் வியப்பு, பிறகு நிம்மதி. சிறுவயதில் தந்தையும் ஜப்பானின் நாரா நகரில் ஒரு கோயிலுக்கு அனுப்பப்பட்டு, பின்னர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர். அந்த நிம்மதியைப் புரிந்துகொள்ளாமல் வாள் வெட்டுக் காட்சிக்கு வர முரகாமியால் முடிந்திருக்காது.

கீழைக்காற்று:
மாடம் என்றே திருத்திக்கொள்கிறேன். அக்கட்டுரையில், வெட்டும்போது தந்தை பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாரா, கையும் கொடுத்தாரா என்பது தமக்குத் தெரியாது என்று முரகாமி எழுதுகிறார். தந்தை உயிரோடு இருந்தபோது, இருபது ஆண்டுகளுக்கு மேல் இருவரும் ஏறக்குறைய சந்திக்காமலே இருந்தார்கள். அந்த ஆண்டுகளில்தான் மட்டையடிக் காட்சி எழுதப்பட்டது. நாவலில் அப்படியொரு கொலையை விரிவாக எழுதியவர், இந்தக் கேள்வியைத் தந்தையிடம் கேட்கவில்லை என்பதில் நான் இன்னும் நிற்கிறேன்.