பழைய கொரோலா வேகனில் ஸ்டியரிங் தளர்வு: பொக்ஸை மாற்றத்தான் வேண்டுமா?

கல்லடி வேகன்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1985ஆம் ஆண்டின் டொயோட்டா கொரோலா டிஎக்ஸ் வேகன் ஒன்று உள்ளது. தகப்பனார் ஓடிய வாகனம். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது ஏறிய விலைகள், 2025இல் இறக்குமதி மீண்டும் தொடங்கிய பின்னரும் என் கைக்கு எட்டும் அளவுக்கு இறங்கவில்லை என்பதால், இதை விற்கும் எண்ணமும் இல்லை.

சில மாதங்களாக ஸ்டியரிங் மிகவும் தளர்ந்துவிட்டது. நேரான வீதியில் சுக்கானை இரண்டு விரற்கடை அசைத்த பிறகே முன்சில்லு அசைகிறது. கல்முனைப் பக்கம் ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் செல்லும்போது கைகள் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியுள்ளது. கல்லடிப் பாலத்தில் பக்கக் காற்று அடித்தால் வாகனம் ஒரு பக்கமாக நழுவுவது போல இருக்கிறது. ஒரு கராஜில் காட்டினேன். அவர்கள் ஸ்டியரிங் பொக்ஸின் (சுக்கானின் திருப்பத்தைச் சில்லுகளுக்குக் கடத்தும் பற்சக்கரப் பெட்டி) மேலே உள்ள திருகாணியை முடுக்கித் தந்தார்கள். இரண்டு நாட்கள் நன்றாக இருந்தது. இப்போது சந்தியில் திரும்பிய பிறகு சுக்கான் தானாக நேருக்கு வருவதில்லை, கையால் இழுத்துக் கொண்டுவர வேண்டியுள்ளது. நடுவில் இருந்த தளர்வும் முழுதாகப் போகவில்லை. இனி கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து பழைய பொக்ஸ் ஒன்றை எடுப்பித்து மாற்றத்தான் வேண்டும் என்கிறார்கள். பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். டயர்கள் புதியவை, காற்றும் சரியாக உள்ளது.

காத்தான்குடி பழைய கை:

தம்பி, பொக்ஸ் மாற்றும் பேச்சை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். முதலில் அந்தத் திருகாணியை அவர்கள் தொடுவதற்கு முன் இருந்த அளவுக்குத் தளர்த்தச் சொல்லுங்கள். வளைவு முடிந்ததும் சுக்கான் தானாகத் திரும்பி வருவது முன்சில்லுகள் சாய்த்துப் பொருத்தப்பட்டிருக்கும் விதத்தால் நிகழ்வது. பொக்ஸை அளவுக்கு மீறி முடுக்கினால் உள்ளே உராய்வு கூடி, அந்த மெல்லிய இழுவை தோற்றுப்போகும். உங்கள் வாகனம் திரும்பி வர மறுப்பதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். இப்படியே ஓடினால் உள்ளே இருக்கும் புழுப்பல்லும் (திருகு போன்ற தண்டு) அதில் உருளும் சிறு குண்டுகளும் தேய்ந்து, உண்மையிலேயே பொக்ஸ் மாற்ற வேண்டிய நிலை வந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எந்த வாகனமும் தன் ஆயுளில் பெரும்பகுதியை நேராகவே ஓடுகிறது. ஆகவே பொக்ஸின் பற்கள் நடுப்பகுதியிலேயே அதிகம் தேய்கின்றன, இரு ஓரங்களிலும் புதிது போல இருக்கின்றன. நடுவிலுள்ள தளர்வு முழுவதும் போகும் வரை முடுக்கினால் ஓரங்களில் இறுகிவிடும். பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் பழைய பொக்ஸும் ஏறக்குறைய இதே வயதுடையது, அதன் நடுவும் இதே போலத் தேய்ந்திருக்கலாம்.

இனிச் சோதனைக்கு வருவோம். வாகனத்தைச் சமதரையில், முன்சில்லுகள் நேராக இருக்க நிறுத்துங்கள். ஜக் போட வேண்டாம். சில்லு தரையிலிருந்து உயர்ந்துவிட்டால் அது சுக்கானோடு இலகுவாகச் சேர்ந்து திரும்பி, தளர்வை மறைத்துவிடும். தரையில் நிற்கும்போதுதான் டயரின் பிடிமானம் அதற்கு எதிராக நின்று, தளர்ந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். சுக்கானின் விளிம்பில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, டயர் அசையத் தொடங்கும் வரை இரு பக்கமும் மெதுவாக அசைத்து, அந்தத் தூரத்தை அடிமட்டத்தால் அளவிடுங்கள். 30 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால் கட்டாயம் காரணத்தைத் தேட வேண்டும்.

பிறகு வீட்டில் ஒருவரை உள்ளே இருத்தி, சுக்கானை அந்தத் தளர்வுக்குள் மட்டும் இடமும் வலமுமாக ஆட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் முன்னால் படுத்துப் பாருங்கள். பார்ப்பதோடு நில்லாமல் ஒவ்வொரு மூட்டின் மீதும் பெருவிரலையும் சுட்டுவிரலையும் இரண்டு துண்டுகளிலும் படும்படி வையுங்கள். நல்ல மூட்டில் இரண்டும் ஒன்றாக நகரும். தேய்ந்த மூட்டில் ஒன்று முந்தும், மற்றது பிந்தும், இடையில் விரல் நுனியில் 'டக்' என்று ஒரு தட்டு தெரியும். கண்ணுக்குப் படாதது கூட விரலுக்குப் படும்.

வலது பக்கம் பொக்ஸிலிருந்து இறங்கி அதன் அசைவை வெளியே கொண்டுவரும் கையான பிட்மன் ஆமிலிருந்து தொடங்குங்கள். சுக்கான் ஆடியும் அது அசையாமல் இருந்தால் பிழை பொக்ஸிலோ அதற்கு மேலுள்ள தண்டின் இணைப்பிலோ இருக்கிறது. அது உடனே அசைந்தால் பொக்ஸை விட்டுவிட்டு, நடுத்தண்டு வழியாக, இடது பக்கம் அதன் மறுமுனையைத் தாங்கும் ஐட்லர் ஆமுக்கும், பிறகு நடுத்தண்டைச் சில்லுகளோடு இணைக்கும் இரண்டு டை றொட்களின் உள், வெளி முனைகளுக்கும் செல்லுங்கள். ஐட்லர் ஆமை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதன் புஷ் (உள்ளே இருக்கும் உருளை வளையம்) தேய்ந்தால் அது பக்கவாட்டில் ஆடுவதை விட மேலும் கீழுமாகத் துள்ளும். மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் அதைத் தவறவிட்டுவிட்டு பொக்ஸின் மேல் பழியைப் போடுவார்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகே ஜக். எழுவான்கரை மணலில் ஜக் புதையும், அடியில் தடித்த பலகை வையுங்கள், தாங்குகட்டை இல்லாமல் உள்ளே தலையை நுழைக்காதீர்கள். சில்லை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் டை றொட் முனையின் தளர்வு தெரியும். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது தளர்வு இருந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மீண்டும் ஆட்டுங்கள். தளர்வு மறைந்தால் பிழை சில்லு சுழலும் வீல் பெயாரிங்கில், மறையாவிட்டால் சில்லைத் தாங்கும் குண்டு மூட்டான போல் ஜொயின்ட்டில்.

அக்கரைப்பற்று சாரதி:

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பொக்ஸை வாகனத்தின் உடலோடு பிணைக்கும் போல்ட்களையும் பாருங்கள். கடற்கரையோரம் நிற்கும் வாகனங்களில் அந்த இடத்துத் தகடு உப்புக் காற்றில் துருப்பிடித்து வெடிக்கிறது. என் பழைய சன்னிக் காரில் சுக்கானை ஆட்டும்போதெல்லாம் முழுப் பொக்ஸுமே ஒரு நூல் அளவு நகர்ந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு டை றொட் முனைகளை வீணாக மாற்றியிருந்தேன்.

செங்கலடி வாசகன்:

இவ்வளவு ஆராய்வதை விட எல்லா மூட்டுகளையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவது இலகுவல்லவா? நாற்பது வருட வாகனத்தில் ஒன்று போனால் மற்றவையும் பின்னால் போகத்தானே போகின்றன?

காத்தான்குடி பழைய கை:

பணம் இருந்தால் மாற்றலாம், பிழையில்லை. ஆனால் இன்று சந்தையில் விற்கும் மலிவான முனைகள் சில, கழற்றி எறியும் பழைய ஜப்பான் முனையை விடக் குறைந்த காலமே உழைக்கின்றன. ரப்பர் உறை கிழியாமல், விரலுக்குத் தட்டாமல் இருக்கும் மூட்டை நான் கழற்றுவதில்லை.

கல்லடி வேகன்:

உங்கள் அனைவருக்கும் நன்றி. சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன். திருகாணியைத் தளர்த்திய பின் சுக்கான் தானாகத் திரும்பி வருகிறது. ஆனால் தளர்வு 50 மில்லிமீற்றராக இருந்தது. மகன் சுக்கானை ஆட்ட, நான் பாயை விரித்துப் படுத்தேன். பிட்மன் ஆம் சுக்கானோடு உடனே அசைந்தது. பொக்ஸின் போல்ட்களும் உறுதியாகவே இருந்தன. ஐட்லர் ஆமில் விரலை வைத்ததும் நீங்கள் சொன்ன தட்டு, அதுவும் மேலும் கீழுமாகவே, தெளிவாகத் தெரிந்தது. வலது வெளி முனையின் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கிரீஸுக்குப் பதிலாகச் சேறு இருந்தது. மார்கழி வெள்ளத்தில் இரண்டு தடவை இந்த வாகனத்தை இறக்கினேன், அதன் விளைவாக இருக்கலாம்.

இரண்டையும் வேறொரு கராஜில் மாற்றினேன். பழைய முனையைக் கழற்றுமுன் வெளியே தெரிந்த புரிகளை எண்ணிக் குறித்து வைத்ததால் புதியதை ஏறக்குறைய அதே இடத்தில் நிறுத்த முடிந்தது. பிறகு சில்லுகளின் அலைன்மென்ட்டும் (நேர்ப்பொருத்தம்) பார்த்தோம். பொக்ஸில் எண்ணெய் பாதிக்கும் குறைவாக இருந்ததால் 90ஆம் இலக்கக் கியர் எண்ணெய் ஊற்றினோம். திருகாணியைத் தொடவில்லை. இப்போது தளர்வு 20 மில்லிமீற்றர். நேற்று கல்முனை வரை போய் வந்தேன், ஒரு கையின் விரல்களாலேயே நேராகப் பிடிக்க முடிந்தது.

காத்தான்குடி பழைய கை:

நல்லது தம்பி. எண்ணெய் அவ்வளவு குறைந்திருந்தால் பிட்மன் ஆமுக்கு மேலுள்ள சீல் கசிகிறது என்று அர்த்தம். ஒரு மாதம் கழித்து மட்டத்தைப் பாருங்கள். மற்றது, முனையின் நட்டு கழன்றுவிடாமல் அதன் குறுக்கே போடும் ஸ்பிளிட் பின் (இரு கால்களை மடக்கிவிடும் ஊசி) புதிதா, பழையதையே நிமிர்த்திப் போட்டார்களா?

கல்லடி வேகன்:

இதை வாசித்ததும் டோர்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். பழையதுதான், ஒரு கால் முறிந்தும் இருந்தது. நாளை காலை கடை திறந்ததும் புதியதைப் போட்ட பிறகே வாகனத்தை எடுப்பேன்.